தைப்பிங் ஏரிப் பூங்காவில் இரண்டு நாள்: மழையைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுவது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தைப்பிங்கிற்கு முதல்முறை வருகிறவர்களில் பலர் ஒரே தவறைச் செய்கிறார்கள். காலையில் சாவகாசமாக எழுந்து, பசியாறி, கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, "ஏரிக்குச் சாயங்காலம் போகலாம், வெயில் தாழட்டும்" என்று ஒத்திவைக்கிறார்கள். நான்கு மணிக்கு வானம் கறுக்கிறது, நான்கரைக்குக் கொட்டுகிறது. ஏழரைக்கு மழை விடும்போது வெளிச்சம் போய்விடுகிறது. மறுநாள் காலை ரயில். ஏரியைச் சரியாகப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

ஆகவே இந்த ஊருக்கு ஒரே விதி: ஏரிக்குக் காலை, கூரைக்கு மதியம், விலங்ககத்துக்கு இரவு. மற்ற எல்லாவற்றையும் இதைச் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம்.

இங்கே மழை ஏன் இப்படி

மலேசியத் தீபகற்பத்திலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர் தைப்பிங். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வது 1,400 அளவில்தான். காரணம் நிலத்தின் அமைப்பு. மேற்கே மலாக்கா நீரிணை. கிழக்கே, ஊரின் முதுகிலேயே, 1,000 மீட்டருக்கு மேல் எழும் பிந்தாங் மலைத்தொடர். பகலில் நிலம் சூடேற ஏற, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. மலையில் முட்டி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, மதியத்துக்குப் பின் மழையாக இறங்குகிறது. அதனால்தான் காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை உச்சம். ஏப்ரல், மே மாதங்களிலும் கனமாகப் பெய்யும். ஜனவரி, பிப்ரவரி, ஜூன், ஜூலை ஓரளவு காய்ந்த மாதங்கள். "ஓரளவு" என்ற சொல்லை மறக்க வேண்டாம். மழையே பெய்யாத மாதம் இங்கே கிடையாது. கைப்பேசியின் வானிலைச் செயலி நாள்தோறும் "இடியுடன் மழை" என்றே காட்டும். அதைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். மலையைப் பாருங்கள். உச்சி மேகத்தில் முழுவதும் மறைந்து, அடிவாரம் வரை சாம்பல் நிறம் இறங்கிவிட்டால் அடுத்த அரை மணி நேரத்துக்குள் ஒதுங்க இடம் தேடிக்கொள்வது நல்லது.

ஊர்ப் பெயரிலும் ஒரு வரலாறு இருக்கிறது. ஈயத்துக்காகச் சீனக் கூட்டங்களான கீ ஹின்னும் ஹாய் சானும் இங்கே பல ஆண்டுகள் வெட்டிக்கொண்டன. 1874-ல் பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு சண்டை ஓய்ந்து, கிளியான் பாவ் என்றிருந்த இடத்துக்கு "நிலைத்த அமைதி" என்ற பொருளில் தைப்பிங் என்று சீனப் பெயர் வந்தது. 1937-ல் ஈப்போவுக்கு மாறும்வரை பேராக் மாநிலத்தின் தலைநகர் இதுதான். அந்த மாற்றத்துக்குப் பின் ஊர் பல பத்தாண்டுகள் தூங்கியது. பழைய கட்டடங்கள் இடிபடாமல் தப்பியதற்கு அந்தத் தூக்கமும் ஒரு காரணம். 2015-ல் இரட்டைத் தண்டவாளத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து வார இறுதிக் கூட்டம் கூடிக்கொண்டே வருகிறது.

வந்து சேர்வது

கோலாலம்பூரிலிருந்து வருவோருக்கு ரயிலே சிறந்தது. கேஎல் சென்ட்ரலில் இ.டி.எஸ். என்னும் மின்சார விரைவு ரயிலில் ஏறினால் மூன்றேகால் மணி நேர அளவில் தைப்பிங். மலேசிய ரயில் நிறுவனமான கே.டி.எம்.பி.யின் செயலியிலோ இணையத்தளத்திலோ முன்பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவருக்குக் கடவுச்சீட்டு எண் கேட்கும். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை நாள்களில் சில வாரங்களுக்கு முன்பே இருக்கைகள் தீர்ந்துவிடும். சேருமிடமாகத் "தைப்பிங்" என்றே தேர்ந்தெடுங்கள். அங்கே நிற்கும் வண்டிகள் மட்டும் பட்டியலில் வரும். புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே நடைமேடைக்கான வாயிலை அடைத்துவிடுவார்கள். எனவே 20 நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள். பெட்டிக்குள் குளிர்சாதனம் கடுமையாக இருக்கும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சால்வை கட்டாயம் வேண்டும்.

கோலாகங்சாரைத் தாண்டியதும் சன்னல் பக்கம் கவனியுங்கள். பாடாங் ரெங்காஸ் அருகே சுண்ணாம்புக் குன்றான குனோங் போண்டோக் தனியாக நிற்பது தெரியும். பிறகு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான பெராப்பிட் சுரங்கப்பாதை. அதிலிருந்து வெளியே வந்தால் தைப்பிங் நெருங்கிவிட்டது என்று பைகளை எடுத்துக்கொள்ளலாம்.

பினாங்கிலிருந்து வருவது இன்னும் சுலபம். ஜார்ஜ் டவுனில் படகேறினால் பட்டர்வொர்த் துறை. அங்கிருந்து நடந்தே ரயில் நிலையம் போய்விடலாம். இ.டி.எஸ். ஒரு மணி நேர அளவில் கொண்டுவந்து விடும். கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயில் கொஞ்சம் மெதுவாக வரும்; ஆனால் கட்டணம் குறைவு, இருக்கை முன்பதிவும் தேவையில்லை. இந்த வழியில் பாகான் செராய்க்குப் பிறகு புக்கிட் மேரா ஏரியின் நடுவே தண்டவாளம் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர்.

பேருந்தில் வருகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். பயணச்சீட்டில் "தைப்பிங்" என்று இருந்தாலும் தொலைதூரப் பேருந்துகள் நிற்பது கமுண்டிங்கில், நகரிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் வடக்கே. இரவு பத்து மணிக்கு அங்கே இறங்கி "ஏரி எங்கே?" என்று தேடி நிற்காதீர்கள். வாடகைக் கார் அழைக்கும் கிராப் செயலியை முன்பே கைப்பேசியில் ஏற்றி, கட்டணம் செலுத்தும் முறையையும் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்.

காரில் வருவோர் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில், தெற்கிலிருந்து வந்தால் சங்காட் ஜெரிங் வெளிவழியிலும், வடக்கிலிருந்து வந்தால் கமுண்டிங் வெளிவழியிலும் இறங்க வேண்டும். சுங்கச் சாவடிக்கு டச் அண்ட் கோ அட்டை வேண்டும். இருப்பு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஈப்போவுக்கும் கோலாகங்சாருக்கும் இடையில் மெனோரா குகைப்பாதையை ஒட்டிய மலைச்சாலை வளைவும் சரிவுமாகப் போகிறது. மழையில் அங்கே வேகத்தைக் குறைப்பது முக்கியம்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருவோர் கவனத்துக்கு: மலேசியா வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் மின்னிலக்க வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் இடைத்தரகருடையது. விசா விதிகள் அவ்வப்போது மாறுவதால் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே குடிநுழைவுத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் போகிறது. சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கும். ஏழிலிருந்து ஏழரைக்குள் அஸ்தமனம். "காலை ஐந்தரைக்கு ஏரிக்குப் போகலாம்" என்று ஊர்ப் பழக்கத்தில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் இருட்டில் உட்கார வேண்டியிருக்கும்.

எங்கே தங்குவது

ரயில் நிலையம் ஊரின் மேற்கில் இருக்கிறது, ஏரி கிழக்கில். இடையில் சுமார் 2 கிலோமீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவே பழைய கடைவீடுகளின் சதுரம். அறையை ஏரிப் பக்கம் எடுப்பதா கடைத்தெருப் பக்கம் எடுப்பதா என்றால், காலை நடைக்காகவே வருகிறவர்களுக்கு ஏரிப் பக்கம்தான். விடியும்போது அறைக் கதவைத் திறந்து நடந்தே பூங்காவுக்குள் போகும் வசதிக்காகக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுக்கலாம். சாப்பாடும் பழைய கட்டடங்களும் முதன்மை என்றால் கடைத்தெரு. எங்கே எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி: சன்னல் உண்டா? பழைய கடைவீடுகளை விடுதியாக மாற்றிய இடங்களில் மலிவான அறைகளுக்குச் சில சமயம் சன்னல் இருக்காது. இந்த ஊர் ஈரத்தில் அப்படிப்பட்ட அறையில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது, பூஞ்சை வாடை வேறு.

ஏரிப் பூங்கா

இது இயற்கை தந்த ஏரி கிடையாது. ஈயம் தோண்டி எடுத்து முடித்துக் கைவிட்ட குழிகள். மலேசியத் தமிழர் லம்பம் என்று சொல்லும் சுரங்கக் குட்டைகள். 1880-ல் இந்தப் பாழ்நிலத்தைப் பூங்காவாக்கும் வேலை தொடங்கியது. இராணுவ அதிகாரியான கர்னல் ராபர்ட் வாக்கர் அதை முன்னின்று வளர்த்தார். இன்று சுமார் 64 ஹெக்டேரில் பத்து ஏரிகளும் குட்டைகளுமாகப் பரந்திருக்கிறது. மலேசியாவின் முதல் பொதுப் பூங்கா இது. நுழைவுக் கட்டணம் இல்லை, வாயிலும் இல்லை.

நடையை எங்கே தொடங்குவது என்று கேட்டால் தூங்குமூஞ்சி மர வரிசையிலிருந்து. பெக்கிலிலிங் சாலையோரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நட்ட மரங்கள் அவை. சாலையைக் குடைபோல் தாண்டி, மறுபக்கம் ஏரி நீரைத் தொடும் அளவுக்குக் கிளைகளைத் தாழ்த்தியிருக்கின்றன. அந்தப் பகுதியில் இப்போது வண்டிகள் போக முடியாது, நடைபாதையாக்கிவிட்டார்கள். தைப்பிங் என்றதும் எல்லோரும் போடும் படம் இங்கே எடுத்ததுதான்.

அந்தப் படம் நன்றாக வர ஒரு குறிப்பு. மலை ஏரிக்குக் கிழக்கே இருப்பதால், உதயத்துக்குப் பிறகும் கொஞ்ச நேரம் சூரியன் மலைக்குப் பின்னால்தான் நிற்கும். ஏழேகாலிலிருந்து எட்டு மணிவரை நிழலற்ற மென்மையான வெளிச்சம் கிடைக்கும். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் நீர்மேல் லேசாகப் பனிமூட்டமும். காற்று அசையாத இந்த நேரத்தில்தான் மலையும் மரமும் நீரில் அப்படியே தெரியும். ஒன்பது மணிக்குப் பிறகு காற்று கிளம்பிப் பிம்பம் கலைந்துவிடும். மலையையே படமெடுக்க விரும்பினால் மாலை வெளிச்சம்தான் சரி, மேற்கிலிருந்து நேராக அதன்மேல் விழும். மழை வராத மாலைக்கு அதை ஒதுக்கிவைக்கலாம்.

தூங்குமூஞ்சி மரத்தின் இலை அந்திசாயும்போது மூடிக்கொள்ளும். மலாய்க்காரர்கள் இதற்கு "பூக்குல் லீமா", அதாவது ஐந்து மணி மரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேகம் கனத்து வெளிச்சம் குறைந்தாலும் மூடும். மூடியபின் குடை சல்லடையாகிவிடும், பசுமை பாதியாகத் தெரியும். இரண்டு காரணங்களுக்காக இது முக்கியம். ஒன்று, படம் எடுக்க மாலை ஆறரைக்கு வந்தால் ஏமாற்றம். இரண்டு, மழையில் இந்த மரத்தடி ஒதுங்க ஏற்ற இடமே இல்லை. நனைவதோடு ஆபத்தும் உண்டு. நூறாண்டு தாண்டிய மரங்கள். கிளை நீளமானது, கட்டை வலுவில்லாதது, மேலெல்லாம் பறவைக்கூடு போன்ற பெரணிச் செடிகள் தொற்றி வளர்ந்து மழைநீரைக் குடித்துக் கனக்கின்றன. கிளை முறிந்து விழுவது பெரும்பாலும் மழையின்போதும் மழைக்குப் பின்னும்தான். இடியும் தீபகற்பத்தின் இந்த மேற்குக் கரையோரத்தில் கடுமை. கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள்.

எல்லா ஏரிகளையும் தொட்டுச் சுற்றிவர நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். பாதை சமதளம், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் முக்கியப் பாதைகளில் போகும். மழைக்கு மறுநாள் கற்பாதை ஓரங்களில் பாசி வழுக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள காலணி போட்டு வாருங்கள். வெண்மார்பு மீன்கொத்தி, கொக்கு, நாரை எல்லாம் விடியற்காலையில் கரையிலேயே கிடைக்கும். நீர் உடும்பு குறுக்கே போனால் நின்று வழிவிடுங்கள், துரத்தாமல் இருந்தால் அதுவும் ஒன்றும் செய்யாது. குரங்குகள்தான் தொல்லை. நெகிழிப்பை சலசலத்தால் உணவு என்று நினைத்துப் பறிக்கும். தின்பண்டத்தைத் துணிப்பையில் வைத்து வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். அவற்றுக்கு உணவு போடும் ஒவ்வொருவரும் அடுத்து வருகிறவரைக் கடிபட வைக்கிறார் என்பதை நாங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளூர்க் குடும்பங்கள் எல்லாம் இங்கேதான். கார் நிறுத்த இடம் எட்டு மணிக்குள் நிறைந்துவிடும். அமைதி வேண்டுமானால் செவ்வாய், புதன் காலைகள்.

பூங்காவை ஒட்டி: கல்லறையும் ஓடையும் மலையும்

ஏரியிலிருந்து புக்கிட் லாரூட் மலைக்குப் போகும் சாலையில் கொஞ்ச தூரத்தில் தைப்பிங் போர்க் கல்லறை. இரண்டாம் உலகப் போரில் மாண்ட 860-க்கும் மேற்பட்டோரின் கல்லறைகள், அவற்றில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்களுடையவை. சாலையின் ஒரு பக்கம் கிறித்தவர்கள், மறுபக்கம் இந்து, முஸ்லிம், சீக்கிய, கூர்க்கா வீரர்கள். சுற்றுலா வழிகாட்டிகள் பலரும் ஒரு பக்கத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் போங்கள். மலாயாவைக் காக்க வந்த படையில் இந்தியப் படைவீரர்கள் எவ்வளவு பேர் என்பது அந்த மறுபக்கத்து வரிசைகளில் நடந்தால்தான் உறைக்கும். அரை மணி நேரம் போதும்.

மலையடிவாரத்தில் பர்மியக் குளம் என்ற ஓடைப்பகுதி இருக்கிறது. தெளிந்த குளிர்ந்த நீர், பெரிய பாறைகள், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் இங்கே குளிப்பதற்கு முன் "கெப்பாலா ஆயர்" என்ற மலாய்ச் சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். நீரின் தலை என்று பொருள். மலையுச்சியில் பெய்த மழை ஓடைகளில் திரண்டு ஒரே அலையாகக் கீழே பாய்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும், அதுதான் கொடுமை. அறிகுறிகள் இவை: தெளிவாக ஓடிய நீர் திடீரெனக் கலங்குவது, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, மேலிருந்து லாரி வருவது போன்ற இரைச்சல், மண்வாடை. ஒன்று தென்பட்டாலும் உடனே பக்கவாட்டில் கரையேறுங்கள். ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடக்கூடாது. பாறைமேல் விட்ட பையை எடுக்கத் திரும்பவும் கூடாது. குளிப்பதானால் காலை பதினொன்றுக்குள் முடியுங்கள். முந்தைய இரவு கனமழை என்றாலோ மலையுச்சி கறுத்திருந்தாலோ இறங்கவே வேண்டாம்.

புக்கிட் லாரூட், பழைய பெயர் மேக்ஸ்வெல் மலை, 1884-ல் தொடங்கிய மலை வாசஸ்தலம். உயரம் 1,250 மீட்டர் அளவு. ஒற்றை வண்டி போகும் கொண்டையூசி வளைவுச் சாலை. தனியார் கார்கள் ஏற அனுமதியில்லை, ஜீப் சேவைதான். மண்சரிவால் இந்தச் சாலை நீண்ட காலம் மூடிக்கிடப்பதுண்டு. எனவே பயணத்தின் மையமாக இதை வைக்காதீர்கள். விடுதியில் விசாரித்து, ஜீப் ஓடினால் மேலதிகமாகக் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்துப் பாதைகளில் நடப்பவர்களுக்கு அட்டை கடிக்கும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். கடித்தால் பிய்க்காமல் நகத்தால் அதன் வாயோரம் தள்ளி விடுவியுங்கள்.

மழை மதியங்களுக்கு

இரண்டு மணியிலிருந்து ஆறுவரை கூரைக்குள் செலவிடக் கடைத்தெருவின் ஐந்தடி நடைபாதை போதும். கடைவீடுகளின் முன்னால் மேல்மாடி நீண்டு கூரையாகும் பாதை அது. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பெரும்பாலும் நனையாமல் நடக்கலாம். இடையிடையே தளம் ஏறி இறங்கும், ஓடுகள் ஈரத்தில் வழுக்கும். குனிந்து பார்த்து நடங்கள்.

பேராக் அருங்காட்சியகம் 1883-ல் தொடங்கியது, நாட்டிலேயே பழமையானது. எதிரில் 1879-ல் கட்டிய சிறைச்சாலை. அருங்காட்சியகம் பழைய கட்டடம் என்பதால் புதுப்பிப்புப் பணிக்காக மூடுவதுண்டு. போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு லாரூட் மாத்தாங் உணவங்காடி நிலையம் நல்ல தொடக்கம். ஒரு பகுதி ஹலால் கடைகள், மறு பகுதி சீனக் கடைகள். உட்காரும் முன் எந்தப் பகுதி என்று பாருங்கள். குவே தியா என்பது தட்டையான அரிசி நூடுல்ஸ். அதை வறுத்த சார் குவே தியாவும் மீன் உருண்டைக் குவே தியாவும் இந்த ஊரின் பெருமை. மதியக் கடைகள் பல இரண்டு மணிக்குள் விற்றுத் தீர்ந்து மூடிவிடும். சாப்பிட்டபின் சிண்டோல்: பனைவெல்லப் பாகு, தேங்காய்ப்பால், பச்சை இழைகள், சீவிய பனிக்கட்டி. இதைச் சுவையாகச் செய்யும் பழைய கடைகள் இந்திய முஸ்லிம்களுடையவை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. கீரைப் பிரட்டலில் பெலாச்சான் என்னும் காய்ந்த இறால் விழுது இருக்கும், நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றின் சம்பாலில் நெத்திலி இருக்கும், குவே தியாவில் முட்டையும் பன்றிக்கொழுப்பும்கூட இருக்கலாம். "தாக் மாவ் பெலாச்சான், தாக் மாவ் தெலூர்" (பெலாச்சான் வேண்டாம், முட்டை வேண்டாம்) என்று பெயர் சொல்லி மறுக்க வேண்டும். வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளும் மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் கடைகளும் ஊரில் உண்டு. தமிழிலேயே கேட்டு வாங்கலாம். சிறு கடைகளில் உள்ளூர்க்காரர்கள் கைப்பேசியில் பணம் கட்டுவார்கள். வெளிநாட்டவர் 5, 10 ரிங்கிட் நோட்டுகளாக ரொக்கம் வைத்திருப்பது நல்லது.

இரவு விலங்ககம்

தைப்பிங் விலங்ககம் 1961-ல் தொடங்கியது, ஏரிப் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. பகலிலும் போகலாம். ஆனால் இந்த ஊருக்கே உரியது இரவு சஃபாரி. எட்டு மணிக்குத் தொடங்கும். பகல் சீட்டும் இரவுச் சீட்டும் தனித்தனி. புலி, காட்டுப்பூனை போன்ற இரவு விலங்குகள் பகலில் சுருண்டு தூங்குவதைப் பார்ப்பதைவிட இரவில் உலாவுவதைப் பார்ப்பதே அழகு. தொடங்கியதும் போய்விடுங்கள், உணவு வேளையை ஒட்டிய அந்த நேரத்தில் அசைவு அதிகம். டிராம் வண்டியில் ஒரு சுற்று வந்து இடங்களைத் தெரிந்துகொண்டு, பிறகு நடந்து இரண்டாம் சுற்று வந்தால் முழுப்பயன். மின்னல் விளக்கு போட்டுப் படம் எடுப்பது தடை. விலங்கின் கண்ணைக் கூசவைக்கும், கம்பி வலையில் பட்டு உங்கள் படமும் வெளிறிவிடும். கொசு உண்டு. கொசுத் தைலமும் முழுக்கை உடையும் வேண்டும்.

மழை பெய்தால் எட்டு மணிக்கே சீட்டு வாங்கிவிடாமல் ஒன்பதுவரை பொறுத்துப் பாருங்கள். மாலை மழை பெரும்பாலும் அதற்குள் ஓய்ந்திருக்கும்.

இரண்டாம் நாள்: கோலா செபத்தாங்

அரை நாள் மிச்சமிருந்தால் மேற்கே சுமார் 16 கிலோமீட்டரில் கோலா செபத்தாங். முன்பு போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து இங்கே ஓடியது, ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோக. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படைத் தொழிலாளர்கள். பிறகு மலாயா ரயில்வேயின் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் திரளாக வந்தார்கள். தண்டவாளம் இப்போது இல்லை. ஆனால் பழைய நிலையப் பெயர்ப்பலகை கடைகளுக்கு நடுவே நிற்கிறது, அதில் தமிழிலும் பெயர் எழுதியிருக்கிறது. தேடிப் பாருங்கள், பலரும் பக்கத்துக் கடையில் மீன் சாப்பிட்டுவிட்டு அதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

சுற்றிலும் மாத்தாங் சதுப்புநிலக் காடு, சுமார் 40,000 ஹெக்டேர். 1900-களின் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டுப் பராமரிக்கும் காடு இது. மரத்தை 30 ஆண்டுச் சுழற்சியில் பகுதி பகுதியாக வெட்டுகிறார்கள், வெட்டிய இடத்தில் மீண்டும் நடுகிறார்கள். வெட்டிய பாக்காவ் மரத்தைக் குவிமாட வடிவச் செங்கல் சூளைகளில் அடுக்கி, வாயில் நெருப்பு மூட்டி, ஏறத்தாழ ஒரு மாதம் புகையிலும் சூட்டிலும் வைத்துக் கரியாக்குகிறார்கள். கட்டையில் நெருப்பு பிடிப்பதில்லை, சூட்டில் அதன் ஈரம் வெளியேறுகிறது. சூளைக்காரர் புகையின் வாடையையும் நிறத்தையும் வைத்தே உள்ளே எந்தக் கட்டம் என்று சொல்வார். கரிக்கூடங்களுக்குக் காலையில் போங்கள், வேலை நடப்பதைப் பார்க்கலாம். எரியும் சூளைக்குப் பக்கத்தில் அதிக நேரம் நிற்காதீர்கள். புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

மின்மினிப் படகு ஏழரைக்கு மேல். ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் மினுக்கும். அமாவாசையை ஒட்டிய நாள்களில் நன்றாகத் தெரியும், பௌர்ணமியில் பாதிதான். மழைக்கு உடனடியாகப் பின் குறைவு. படகில் ஏறுமுன் உயிர்காப்பு உடையைக் கேட்டு வாங்கி அணியுங்கள். கைப்பேசி வெளிச்சத்தை அணையுங்கள். கொசுத் தைலத்தைக் கரையிலேயே பூசிக்கொள்ளுங்கள், படகில் தெளித்தால் அது மின்மினிகளையும் எட்டும். திரும்பும்போது இரவு ஒன்பதாகிவிடும். அந்த நேரத்தில் அங்கே கிராப் கிடைப்பது சந்தேகம். போகும்போதே காத்திருந்து திரும்பக் கூட்டிவரும் வண்டியாகப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். மின்மினிக்குப் போகும் இரவில் விலங்ககத்தைச் சேர்க்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவு ஒதுக்க வேண்டும்.

ஒரே ஒரு இரவுதான் தங்க முடியும் என்றால் மின்மினியை விடுங்கள், விலங்ககத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆறேமுக்காலுக்கு எழுந்து ஏரிக்குப் போவதை மட்டும் எதற்காகவும் விடாதீர்கள்.